நடுவில் தேர் எங்கே போச்சு?

2025 மே மாதம், பழைய பத்திரிகை நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த பக்கம். கோடையில் படிக்க வேண்டிய 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல். அதில் 10 புத்தகங்கள் உலகத்திலேயே கிடையாது. எழுத்தாளர்கள் மட்டும் நிஜம்: இசபெல் அயெந்தே, பெர்சிவல் எவரெட், மின் ஜின் லீ, ஆண்டி வியர். அவர்கள் எழுதாத நாவல்களுக்குத் தலைப்பும் கதைச்சுருக்கமும் கச்சிதமாக அச்சாகியிருந்தன. ஆண்டி வியர் பெயரில் இருந்த நாவலின் கதை என்ன தெரியுமா? ஒரு ஏஐ தானாக உணர்வு பெற்று, யாருக்கும் தெரியாமல் உலக நடப்புகளைத் திருப்பி விடுகிறது என்பதை ஒரு புரோகிராமர் கண்டுபிடிக்கிறாராம். "மெஷின் தன் சுயசரிதையை எழுதிடுச்சு" என்று ஒருவர் போட, சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின.

நானும்தான் சிரித்தேன். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஏஐ-யைத் திட்டத் தொடங்கியபோது எனக்கு அதில் சேர முடியவில்லை. கேட்டது இருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் இருப்பதுபோலவே ஒன்றைச் செய்து கொடுக்கும் என்பது அதன் ஊரறிந்த குணம். எனக்கு உறுத்தியது அந்த இணைப்பின் பருமன். 64 பக்கம். டெஸ்க்கில் உட்கார்ந்து பழகியவனுக்கு 64 பக்கம் என்றால் என்ன என்று தெரியும். அத்தனை பக்கமும் எழுதியவரின் கையிலிருந்து கிளம்பி, லே-அவுட் ஆகி, பிளேட் போட்டு, அச்சாகி, கட்டுக் கட்டாக வண்டியேறி, வாசகர் வீட்டு வாசலில் விழும்வரை ஒரு மனிதர்கூட அந்தப் பக்கத்தை உட்கார்ந்து படிக்கவில்லை. பெர்சிவல் எவரெட்டுக்கு, எழுத்துக்கும் பத்திரிகைப் பணிக்கும் அமெரிக்காவில் தருகிற பெரிய விருதான புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டு அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. புத்தகப் பக்கம் பார்க்கிற எவராக இருந்தாலும் அவர் பெயருக்குக் கீழே கேள்விப்படாத ஒரு நாவலைக் கண்டதும் ஒரு நொடி நின்றிருப்பார். நிற்பதற்கு அங்கே ஆள் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். ஹெர்ஸ்ட் குழுமத்தைச் சேர்ந்த கிங் ஃபீச்சர்ஸ் என்ற சிண்டிகேட் நிறுவனம், அதாவது பல பத்திரிகைகளுக்குப் பக்கங்களைத் தயாரித்து விற்கிற நிறுவனம், அந்த இணைப்பைத் தயாரித்துக் கொடுத்தது. பட்டியலை எழுதியவர் ஒரு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர். ஏஐ-யிடம் கேட்டு வாங்கியதை சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். சன்-டைம்ஸ் அதை அப்படியே வாங்கித் தன் பெயரில் செருகி விநியோகித்தது. பிலடெல்பியா இன்குவயரரிலும் அதே இணைப்பு வந்தது. சன்-டைம்ஸ் ஊழியர் சங்கம் கொதித்துப்போய், இதில் எங்கள் கை படவே இல்லை என்று அறிக்கை விட்டது. அது உண்மைதான். எடிட்டோரியலுக்கு, அதாவது ஆசிரியர் பிரிவுக்கு, அதில் பங்கே இல்லை.

இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. ஆடித் தள்ளுபடி மலர், கல்வி வழிகாட்டி மலர், ரியல் எஸ்டேட் சிறப்பிதழ் என்று நம் ஊர் நாளிதழ்களோடு வருகிறவற்றில் பாதிக்கு இதே கதைதான். விளம்பரப் பிரிவு கொண்டுவரும், பக்கமாக்கிற பிரிவு போட்டுக்கொடுக்கும். ஏதாவது தப்பு வந்தால் "அது எடிட்டோரியல் இல்லீங்க" என்று சொல்லிவிடலாம். அலுவலகத்துக்குள் அது செல்லுபடியாகும். காலையில் பேப்பரைப் பிரிக்கிறவருக்கு இரண்டாவது மாடி எது, மூன்றாவது மாடி எது என்று எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது மேலே பெரிய எழுத்தில் இருக்கிற பெயர் மட்டும்தான்.

அதே பத்திரிகை, அதே மே மாதம்

சன்-டைம்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு மே மாதம். 2013 மே 30. அன்று காலை தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் அத்தனை பேரையும், 28 பேர், கூட்டத்துக்கு அழைத்து வீட்டுக்கு அனுப்பியது அந்தப் பத்திரிகை. வாசகர்கள் வீடியோவைத்தான் அதிகம் கேட்கிறார்கள், தொழில் வேகமாக மாறுகிறது என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். படத்துக்கு என்ன செய்வது? நிருபர்கள் எல்லோரும் ஐபோனில் படம் எடுக்கக் கட்டாயப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று உள்சுற்றறிக்கை வந்தது. அந்தச் செய்தியை அன்று எங்கள் அலுவலகத்தில் இரண்டு விதமாகப் படித்தோம். போட்டோகிராபர்கள் பயந்தார்கள். நிர்வாகத்தில் சிலர் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள்.

வெளியே போனவர்களில் ஜான் ஒயிட் ஒருவர். 1982-ல் புலிட்சர் வாங்கியவர். 1970-களில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறைக்காக அவர் எடுத்த சிகாகோ கறுப்பின மக்களின் அன்றாட வாழ்க்கைப் படங்கள் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. யார் எடுத்தது என்று தெரியாமலே நீங்களும் பார்த்திருக்கலாம். 35 வருடம் அந்தப் பத்திரிகையில் இருந்தவர். அவர் வேலையை ஒரு நாள் பயிற்சியில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று யாரோ ஒருவர் நிஜமாகவே நம்பியிருக்கிறார். வேலை போன இன்னொரு புகைப்படக்காரர், வேலையில்லாத தன் வாழ்க்கையை ஐபோனிலேயே படம் எடுத்துத் தினமும் இணையத்தில் போட ஆரம்பித்தார். கருவி என்னவோ அதே ஐபோன்தான், பார்க்கிற கண் யாருடையது என்பதைப் பாருங்கள் என்பதுதான் அதில் இருந்த கேலி. அந்த ஜூன் மாதம் சிகாகோவின் ஐஸ் ஹாக்கி அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, சன்-டைம்ஸின் முதல் பக்கத்தையும் போட்டிப் பத்திரிகையான டிரிப்யூனின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊரே ஒப்பிட்டது. அடுத்த வருடம் தொழிற்சங்கத்தோடு நடந்த பேச்சுவார்த்தையில் நான்கு பேரை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இது எந்தப் பத்திரிகை என்பதும் முக்கியம். 1977-ல் சிகாகோ நகர ஆய்வாளர்கள் லஞ்சம் வாங்குவதை நிரூபிக்க ஒரு மதுக்கடையையே விலைக்கு வாங்கி நடத்திய பத்திரிகை இது. கடைக்கு மிராஜ் என்று பெயர் வைத்தார்கள். கானல்நீர்! யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நிருபர்கள் மது ஊற்றிக் கொடுக்கிறவர்களாக வேலை பார்க்க, இரண்டு புகைப்படக்காரர்கள் ரிப்பேர் வேலை செய்கிறவர்களைப்போல வந்து, கடைக்குள்ளேயே ரகசியமாகக் கட்டிய பரணில் ஒளிந்துகொண்டு, கீழே கைமாறுகிற பணத்தைப் படம் எடுத்தார்கள். 1978 ஜனவரியில் தொடங்கி 25 நாள் தொடராக வந்தது. வேஷம் போட்டுச் செய்தி சேகரித்தது முறையா என்ற சர்ச்சையில் புலிட்சர் கைநழுவிப் போனது, அது தனிக் கதை. எனக்குத் தோன்றுவது இதுதான்: பரணில் படுத்திருந்த அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் மிராஜ் வெறும் குற்றச்சாட்டாகப் போயிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில், கையில் கேமரா இருந்தால் போதும், புகைப்படக்காரர் தேவையில்லை என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. (அந்தப் பத்திரிகையின் பழைய கட்டடம் இடிக்கப்பட்ட இடத்தில், சிகாகோ ஆற்றங்கரையில், இப்போது டிரம்ப் டவர் நிற்கிறது. இதற்கு நான் எதுவும் சேர்த்துச் சொல்லப் போவதில்லை.)

2013-ல் எடுத்த முடிவும் 2025-ல் நடந்த விபத்தும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. கருவி எல்லோர் கையிலும் வந்துவிட்டது, ஆகவே வேலையும் எல்லோருக்கும் வந்துவிடும் என்பது முதல் முடிவு. எல்லோருக்கும் வரும் என்றால் அதற்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்பது அடுத்த படி. அதற்கடுத்த படியில் அது யாருடைய வேலையுமாக இருப்பதில்லை. அந்த 10 புத்தகங்கள் அங்கேதான் பிறந்தன.

மெய்ப்புப் பிரிவு

எங்கள் அலுவலகத்தில் புகைப்படக்காரர்களுக்கு முன்பே வேறொரு பிரிவு போய்விட்டிருந்தது. மெய்ப்புத் திருத்துகிறவர்கள். அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம், "புரூஃப்" என்போம். கம்ப்யூட்டரில் நேரடியாக அடிக்கிறோம், திரையிலேயே திருத்திக்கொள்ளலாம், சப்-எடிட்டரே பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, ஓய்வு பெற்றவர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டு, மிச்சம் இருந்தவர்களை வேறு வேலைக்கு மாற்றி, ஒரு கட்டத்தில் அந்த அறையை சர்வர் அறையாக்கிவிட்டார்கள். ஒரே நாளில் 28 பேர் என்று நடந்திருந்தால் செய்தியாகியிருக்கும். ஒவ்வொருவராகப் போனதால் பிரிவு உபசார டீயும் வடையுமாக முடிந்துபோனது.

அந்தப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். எழுத்துப்பிழை பார்ப்பது அவர் வேலையில் சின்னப் பகுதிதான். ஒரு சித்திரைத் திருவிழா சமயத்தில் சென்னையிலிருந்து வந்த செய்திக் காப்பியில், மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று இருந்தது. இலக்கணப்படி சுத்தமான வாக்கியம், ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "தம்பி, கல்யாணம் சரி. அழகரும் சரி. நடுவில் தேர் எங்கே போச்சு?" திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேரோட்டம், அதற்கும் அடுத்த நாள்தான் அழகர் வைகையில் இறங்குவார். மதுரையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் காப்பி சென்னையில் இரண்டு கைகளைத் தாண்டி வந்திருந்தது. அப்படியே போயிருந்தால் மறுநாள் காலை டீக்கடையில் ஊரே எங்களைக் காய்ச்சி எடுத்திருக்கும்.

இதை எந்த மென்பொருள் பிடிக்கும் என்று நண்பர்களிடம் கேட்டால், இப்போதுள்ள ஏஐ பிடித்துவிடும் என்கிறார்கள். பிடிக்கலாம். திருவிழாவைப் பற்றிய தகவல் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் சொல்ல வருவது தகவலைப் பற்றியல்ல. அந்தப் பெரியவர் பக்கத்தைக் கையில் எடுக்கும்போதே இதில் எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது என்ற முடிவோடுதான் எடுப்பார். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் தன் சம்பளத்துக்கு அர்த்தம் இல்லை என்று நினைப்பார். எழுதினவனுக்கு அந்தப் பார்வை வராது. தன் காப்பி சரியாக இருக்கிறது என்று நம்பித்தானே அவன் அனுப்புகிறான்? ஏஐ-யிடம் எழுதவும் சொல்லி, சரிபார்க்கவும் சொன்னால், தப்பு என்று தெரிந்தால் நாளைக்கு வெளியே தலைகாட்ட முடியாதே என்ற கவலை எழுதுவதற்கும் இருக்காது, சரிபார்ப்பதற்கும் இருக்காது.

1955-ல் இந்திய நாடாளுமன்றம் பத்திரிகையாளர்களுக்கான பணிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, யாரெல்லாம் பத்திரிகையாளர் என்று ஒரு வரையறை கொடுத்தது. ஆசிரியர், தலையங்கம் எழுதுகிறவர், செய்தி ஆசிரியர், நிருபர், கார்ட்டூனிஸ்ட் என்று போகிற அந்த வரிசையில் புகைப்படக்காரரும் புரூஃப் ரீடரும் இருக்கிறார்கள். சங்கக் கூட்டம் ஒன்றில் யாரோ வாசித்துக் காட்டியபோதுதான் எனக்கே இது தெரியும். சம்பள கமிஷன் கணக்குக்காக வைத்த வரையறைதான், இருந்தாலும் அதை எழுதினவருக்கு ஒரு செய்தி எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்கிறது.

பிடித்தது யார்?

வாட்ஸ்அப் குழுவில் மூத்த நண்பர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அவருடைய வாதம் எப்போதும் ஒன்றே: அச்சு போனது, எல்லாம் போனது. இந்தப் பட்டியல் விவகாரத்திலும் போன் செய்தார். "பேப்பர்ல வந்தா நிக்கும்ப்பா. திருத்த முடியாதுன்னு பயம் இருக்கும். ஆன்லைன்ல தப்புப் போட்டுட்டு நைசா மாத்திட்டுப் போயிடுறானுங்க."

"அண்ணே, இது பேப்பர்லதான் வந்துச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அதைச் சொன்ன பிறகுதான் விஷயத்தின் முழு விபரீதம் புரிந்தது. தப்பு வந்தது மை வாசனையோடு, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், பெரிய நிறுவனங்கள் இரண்டின் முத்திரையோடு. அதைப் பிடித்தவர்கள் சமூக ஊடகத்தில் இருந்த சாதாரண வாசகர்கள். அதற்குப் பிறகு பட்டியலை எழுதினவரைத் தேடிப் பேசி, எப்படி நடந்தது என்று செய்தியாக வெளியிட்டது 404 மீடியா என்ற இணையதளம். அந்தத் தளத்தின் கதையும் ஆட்குறைப்புக் காலத்துக் கதைதான். வைஸ் என்ற ஊடக நிறுவனம் 2023-ல் திவால் மனு கொடுத்தது. அதன் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த நான்கு பத்திரிகையாளர்கள் வெளியே வந்து, அந்த வருடம் ஆகஸ்டில் தாங்களே சொந்தமாக 404 மீடியாவை ஆரம்பித்தார்கள். நான்கு பேர், வாசகர் சந்தா. அச்சகம் இல்லை, மலர் இல்லை, தூக்கிப் பிடிக்க நூற்றாண்டுப் பெயரும் இல்லை. சிண்டிகேட்டிலும் இரண்டு நாளிதழ்களிலும் யாரும் செய்யாத வேலையை அவர்கள் செய்தார்கள்: போனை எடுத்து, சம்பந்தப்பட்டவரிடமே கேட்டார்கள்.

அதனால் அச்சுக்கும் இணையத்துக்கும் நடக்கிற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. அதே சன்-டைம்ஸில் நாற்பது வருடத்துக்கு மேல் சினிமா விமர்சனம் எழுதிய ரோஜர் ஈபர்ட், அறுவைச் சிகிச்சையில் குரல் போன பிறகு வலைப்பதிவில்தான் தன் சிறந்த கட்டுரைகள் பலவற்றை எழுதினார். இணையம் அவரைக் குறைத்துவிடவில்லை. இன்னொரு பக்கம், எங்கள் ஊர் இணையதள டெஸ்க்குகளில் ஓர் இருபத்து மூன்று வயதுப் பெண் செய்தியை எழுதி, தலைப்பு வைத்து, தம்ப்நெயில் செய்து, பப்ளிஷ் பட்டனைத் தட்டி, நோட்டிஃபிகேஷனும் அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார். நடுவில் ஒருவரும் இல்லை. மாலையில் அவரிடம் கேட்கப்படுவது பேஜ் வியூ எத்தனை என்பது மட்டும்தான். அவர் எழுதும் தமிழைக் கேலி செய்து மீம் போடுகிறவர்கள், அவர் பின்னால் இருந்திருக்க வேண்டிய அந்தப் பெரியவர் எங்கே என்று கேட்பதில்லை.

"வீடியோதான் எதிர்காலம்" என்ற கோஷம் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும், 2013-ல் அந்த 28 பேரை அனுப்பச் சொன்ன காரணம் அதுதானே. அதற்குப் பின் சில வருடங்களில் அமெரிக்காவில் பல இணைய நிறுவனங்கள் எழுதுகிறவர்களை நீக்கிவிட்டு வீடியோவுக்கு ஓடின. 2016-ல், வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கைத் தாங்கள் அதிகப்படுத்திக் காட்டிவிட்டதாக ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. 2017-ல் எழுத்தாளர்களைக் குறைத்துக்கொண்டு வீடியோவுக்கு மாறிய மிக் என்ற தளம், அடுத்த வருடக் கடைசியில் கிட்டத்தட்ட எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. வேறொருவர் தந்த எண்ணை நம்பி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணையாவது யாரேனும் புரூஃப் பார்த்திருக்கலாம்.

பணம்

அண்ணன் கடைசியில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "எல்லாம் சரி. அந்தப் பெரியவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறது?" 

இதுவரை வாசகர் கொடுக்கவில்லை என்பதுதான் நிஜம். பேப்பர் விலையில் காகிதச் செலவுகூடத் தேறாது. வரி விளம்பரமும் வேலைவாய்ப்புப் பக்கமும் மணமகள் தேவையும் கண்ணீர் அஞ்சலியும்தான் புரூஃப் அறைக்குச் சம்பளம் போட்டன. அமெரிக்காவில் அதை முதலில் உடைத்தது கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பர இணையதளம். 2000 முதல் 2007 வரை அந்த ஒரு தளத்தால் மட்டும் விளம்பரம் கொடுக்கிறவர்களுக்கு மிச்சமானது, அதாவது பத்திரிகைகள் இழந்தது, 500 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2008-ல் அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளில் 71,000 பேர் வேலை பார்த்தார்கள். 2020-ல் 31,000 பேர். சன்-டைம்ஸே 2009-ல் திவால் மனு கொடுத்து, கைமாறி, 2017-ல் தொழிற்சங்கங்களும் சில முதலீட்டாளர்களும் சேர்ந்த கூட்டணிக்கு ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. நடத்துகிற செலவை அவர்கள் ஏற்கிறார்கள் என்பதுதான் நிஜ விலை. 2022-ல் சிகாகோவின் பொது வானொலியோடு சேர்ந்து லாபநோக்கற்ற அமைப்பாகி, இணையதளத்தின் கட்டணச் சுவரையும் எடுத்துவிட்டார்கள். நல்ல முயற்சி, நான் கைதட்டினேன். 2025 மார்ச்சில் பணமுடை வந்து, விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஊழியர்கள் வெளியேறினார்கள். மே மாதம் அந்தப் பட்டியல் வந்தது. ஆகவே வில்லன் என்று யாரையும் காட்டிவிட எனக்கு முடியவில்லை. கிங் ஃபீச்சர்ஸிடம் மலர் வாங்கிப் போட்டதே மிச்சமிருக்கிற நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் இருக்கும்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. ஆள் குறைக்க வேண்டிய நிலை வரும்போது யாரை முதலில் அனுப்புவது என்பதைப் பணம் முடிவு செய்வதில்லை. உலகம் முழுவதும் அந்த வரிசை ஒரே மாதிரி இருக்கிறது: புரூஃப், நூலகம், புகைப்படம், காப்பி டெஸ்க், அப்புறம்தான் மற்றவர்கள். வெளியே பெயர் தெரியாதவர்கள் முதலில் போகிறார்கள். அவர்கள் போன மறுநாள் பேப்பர் வழக்கம்போல வந்துவிடும், அதுதான் நிர்வாகத்துக்குத் தைரியம் கொடுக்கிறது. பத்து வருடம்கூட வந்துகொண்டிருக்கும்.

விவகாரம் வெடித்த பிறகு சன்-டைம்ஸ் அந்த இணைப்பை மின்னிதழிலிருந்து எடுத்துவிட்டது. சந்தாதாரர்களிடம் அந்த இணைப்புக்குத் தனியாகப் பணம் வாங்க மாட்டோம் என்றது. வெளியிலிருந்து வாங்கிப் போடுகிற இந்த மாதிரிப் பக்கங்களையும் இனி உள்ளே ஆசிரியர் குழுவினர் பார்ப்பார்கள் என்று விதியை மாற்றியது. சரியான விதி. நம் ஊர் மலர்களுக்கும் அதைக் கொண்டுவந்தால் நான் வரவேற்பேன். ஆனால் 64 பக்கத்தைச் சந்தேகக் கண்ணோடு படிக்க ஓர் ஆளுக்கு முழுதாக ஒரு ஷிப்ட்டுக்கு மேலேயே ஆகும். வெளியேறிய ஐந்தில் ஒரு பங்குக்குப் பின் அந்த ஷிப்ட்டுக்கு யார் உட்காருவார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். "மிச்சம் இருக்கிறவன்தான், அவன் வேலையோட சேர்த்து" என்றார்.